நாய்ப் பங்கு

வயிற்றுக்குப் பின்னால்
கொழுப்போடு கொழுப்பாக ஒட்டிக் கிடக்கும்.
வெளிறிய நாக்கு மாதிரி. தடவினால் பொடிப்பொடியாய் முடிச்சு.
ஈரலுக்கு விலை உண்டு.
குடலுக்குத் தொத்திறைச்சிக்காரன் வருவான்.
ரத்தத்தைக்கூடக் கிண்டித் தின்றுவிடுவோம்.
இதற்கு மட்டும் எங்கள் ஹோர்சென்ஸ் குடலறையில்
பெயரே கிடையாது.
நாய்ப் பங்கு என்போம்.
பதினோரு வருஷம் வாளியில் எறிந்தேன்.

இருபத்து நான்காம் ஆண்டு, மார்ச்.
கோபன்ஹேகனிலிருந்து பளபளக்கும் பூட்ஸ் ஒன்று
ரத்தத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தது.
இனி எறியாதீர்கள். அறுத்த கையோடு பனிக்கட்டியில் போடுங்கள்.
எண்ணிப் பத்து நிமிஷம், அதற்குமேல் ஆகாது.
செத்த பன்றிக்கு என்ன அவசரம் என்று கேட்டது நான்தான்.
மேஸ்திரி முறைத்தார். வந்தவர் முறைக்கவில்லை.

ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம், வால்போர்.
ஒன்று பெரிசு. செரிக்கும் சாற்றைக் காய்ச்சிக்
குழாய் வழியே குடலுக்கு அனுப்புகிறது.
இன்னொன்று அதன் நடுவே சிதறிய தீவுகள்.
குழாய் இல்லை, வாசல் இல்லை.
நேரே ரத்தத்தில் கசியவிடுகிறது, இன்சுலினை.
மூச்சு நின்றதும் அந்தச் சாறு
இந்த இன்சுலினைத் தின்றுவிடும்.

அது இல்லாவிட்டால் என்ன?

அவர் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தைக் காட்டினார்.
தானியக் கப்பல்கள் வந்து நெரிக்கும்.
மூட்டை இறக்க ஒருவனும் வரமாட்டான்.
கரையெல்லாம் தானியம்,
ஊருக்குள் பட்டினி.

எனக்கு உடனே ஓவே ஞாபகம் வந்தான்.
சைக்கிள் கடை லவ்ரிட்ஸின் மகன்.
பத்து வயது, கிறிஸ்துமஸ் வாத்தின் கனம்.
முட்டைக்கோஸை மூன்று தண்ணீரில் வேகவைத்துக் கொடுப்பார்கள்.
தபால் உறையின் கோந்தை நக்கினான் என்று
அதற்கும் அடி வாங்கினான்.

அந்த இலையுதிர்காலம் ஊசி வந்தது.
கன்னம் வந்தது. சைக்கிள் மிதித்தான்,
மணி அடிக்க ஆளில்லாத தெருவிலும் அடித்துக்கொண்டு.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
மீன் சந்தைச் சுவரில் சாய்ந்து நின்றான்.
பனிக்காற்றில் வியர்வை. கை நடுக்கம்.
என்னைப் பார்த்து யாரையோ திட்டினான்.
குடித்திருக்கிறான் என்றாள் மீன்காரி.
பத்து வயதிலா?
பிறகு முழங்கால் மடிய, ஒரே ஒரு சொல்:
சர்க்கரை.

கொடுக்காதே, அவனுக்கு அது விஷம் என்று கத்தினாள்.
அதுதான் ஊருக்கே தெரியுமே. எனக்கும் தெரியும்.
ஏப்ரனில் இரண்டு கட்டிகள் இருந்தன,
பனிவண்டிக் குதிரைக்காக வைத்தது.
கேட்பவனுக்குத்தான் தெரியும் என்று
ஏன் நினைத்தேனோ, வாயைத் திறந்து வைத்தேன்.
பல் நொறுக்கிய சத்தம் கேட்டது.
என் கால்கள்தான் நடுங்கின.

மணிக்கூண்டு கால் மணி அடிக்கும்போது
கண் தெளிந்து சொன்னான்:
வால்போர் அத்தை, பன்றி நாற்றம் அடிக்கிறது உன்மேல்.

திங்கட்கிழமை முதல் பன்றி.
கைக்குள் சூடாக, துடைப்பதற்குள் வழுக்கும் அது.
மருத்துவர் கணக்குப் போட்டு ஏற்றினார்,
அன்றைக்குக் கூடிவிட்டது. அவ்வளவுதான்.
இந்தப் பன்றி கணக்குப் படித்ததில்லை.
உருளைத்தோல் தின்றால் கொஞ்சம் கூட்டியது,
வெறும் வயிறென்றால் கையை மூடிக்கொண்டது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடும் கை,
கேட்காமலே, தூங்கும்போதும்.
அதைத்தான் நான் பதினோரு வருஷம்…

பேசிக்கொண்டே இருந்தால் பத்து நிமிஷம் ஓடிவிடும்.
அன்றைக்கு நூற்றுப் பதினேழு. பெட்டி நிறையவில்லை.
குதிரை என் ஏப்ரனை முகர்ந்துவிட்டு
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
நாய்கள் இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கின்றன.
அவற்றுக்கு யார் சொல்வது?